'புறவய அறம்' வேண்டாம், 'கருத்துச்சாரா அறம்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அப்ஜெக்டிவ், சப்ஜெக்டிவ் இரண்டுக்கும் புறவயம், அகவயம் என்ற சொற்கள் வேரூன்றிவிட்டன, அறவியலுக்கு மட்டும் தனிச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. விமர்சனக் கட்டுரைகளில் நானும் அவற்றைத் தயங்காமல் எழுதுகிறேன். அறத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவை வழிதவறச் செய்கின்றன.

அறவியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, "சித்திரவதை தவறு என்பது புறவயமான உண்மை" என்று எழுதியிருந்தேன். தத்துவம் படிக்காத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'புறவயமான' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் இப்படி எழுதித் திருப்பித் தந்தார்: "அடி தெரிகிறது, இரத்தம் தெரிகிறது. தவறு வெளியே எங்கே தெரிகிறது?"

தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977இல் முன்வைத்த வாதம் கிட்டத்தட்ட இதுதான். அற மதிப்புகள் உலகில் தாமாகவே இருக்குமானால், நாம் அறிந்த எதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருள்களாகத்தான் இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்றார் அவர். என் வாசகர் மேக்கியைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. அவரை அந்த வாதத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது நான் எழுதிய சொல். விவாதம் தொடங்கும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் சொல்லை எப்படிக் கலைச்சொல்லாக ஏற்பது?

தவறு என்பது கல்லைப் போல வெளியே கிடக்கிறது என்று, அற உண்மைகள் உண்டு என்னும் எதிர்த்தரப்பில் பலர் சொல்லவே இல்லை. 17 ஒரு பகா எண். அதை யாரும் வெளியே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை; ஆனாலும் அது எவருடைய அபிப்பிராயத்தையும் பொறுத்ததல்ல. இதற்கு நேர்மாறாக, என் முதுகுவலி முழுக்க எனக்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் எனக்கு வலிக்கிறது என்பது, ஊரே நம்ப மறுத்தாலும் உண்மை. தத்துவவாதி ஜான் சேர்ல் வலியுறுத்திய வேறுபாடு இது. ஒன்று எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் உண்மை யாருடைய கருத்தையாவது பொறுத்ததா என்பது வேறு கேள்வி. அறவியலுக்கு வேண்டியது இரண்டாவது. புறவயம், அகவயம் என்பவை முதலாவதைத்தான் பேசுகின்றன.

'அகம்' என்ற சொல்லிலும் எனக்கு உறுத்தல் உண்டு. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். வேலின் தலையில் கட்டிய வேம்பு, பாண்டியர் குடிப்பூ என்பதால், பாண்டியனைச் சுட்டிவிடுகிறது என்பதற்காகவே நெடுநல்வாடையைப் புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அதாவது நம் மரபில் அகம் எல்லோருக்கும் பொது. இன்னார் என்று ஆளைக் காட்டினால் அது புறம். 'அவரவர் சொந்த அபிப்பிராயம்' என்ற பொருளுக்குப் போயும் போயும் அகத்தை எடுத்தோமே என்று வருத்தமாக இருக்கிறது.

மூலச்சொல்லின் வேரைப் பிடித்துக்கொள்ளவும் அவசியமில்லை. 1641இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த் 'அப்ஜெக்டிவ்' என்று எழுதியபோது, ஒன்று மனத்தில் எண்ணமாகத் தோன்றும் நிலையைத்தான் குறித்தார். இன்றைய பொருள் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டுக்குப் பிறகு நிலைபெற்றது.

என் பரிந்துரை: சப்ஜெக்டிவுக்குக் கருத்துச்சார், அப்ஜெக்டிவுக்குக் கருத்துச்சாரா. பெயர்ச்சொல்லாகக் கருத்துச்சார்பு, கருத்துச்சாராமை. தனிமனிதரின் கருத்தா, சமூகத்தின் கருத்தா என்று பிரிக்க வேண்டிய இடத்தில் தனிக்கருத்துச்சார்பு, குழுக்கருத்துச்சார்பு என்று நீட்டிக்கொள்ளலாம். சொல் நீளம்தான், பொருள் வழுவவில்லை.

அதே வாசகரிடம் "சித்திரவதை தவறு என்பது கருத்துச்சாரா உண்மை" என்று திருத்திக் கொடுத்தேன். இம்முறை ஓரத்தில் எழுதியது: "எல்லோரும் சரி என்று சொன்னாலும் தவறுதானா?" பாடம் எழுப்ப நினைத்த கேள்வி அதுவே.

'கருத்து' என்பது பொருளையும் எண்ணத்தையும்கூடக் குறிக்குமே என்ற தடை வரும். கருத்துக் கணிப்பு, கருத்து வேறுபாடு என்று நாள்தோறும் அபிப்பிராயப் பொருளில் புழங்குகிறோம், குழப்பம் வரவில்லை. 'நடுநிலை அறம்' என்று சொல்லலாமே என்றால், அதுவும் பொருந்தாது. நடுநிலை என்பது தீர்ப்புச் சொல்பவரின் குணம். ஓரவஞ்சனைக்காரர் வாயிலிருந்தும் உண்மை வரலாம்.

'முற்றான அறம்' என்ற பரிந்துரையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். விதிவிலக்கே இல்லாதது என்று அது பொருள்படும். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது 292ஆம் குறள். பொய் சொல்லலாமா என்பது அங்கே சூழலைப் பொறுத்திருக்கிறது. ஆனால் விளைந்தது குற்றமற்ற நன்மைதானா என்பது சொன்னவரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. சூழல்சார்பு வேறு, கருத்துச்சார்பு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

'வேல்யூ' என்பதற்கு மதிப்பா, விழுமியமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். இன்று நம் காதில் விழுவது சிறப்பு மட்டுமே. சிறப்பு உண்டா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கையில் 'மதிப்பு' போதும்.

கொடுமை தவறு என்பது எவர் ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை என்று நம்புகிறவன் நான். அதனால்தான் மாற்றுத் தரப்பினரைக் கேட்கிறேன்: "கருத்துச்சாரா அறம் என்று ஒன்றில்லை" என்ற வாக்கியம் உங்கள் நிலைப்பாட்டை அப்படியே சொல்கிறதா? எங்காவது இடறினால் அந்த இடத்தைக் காட்டுங்கள், சொல்லை மாற்றுவோம்.

அன்புடன்