புதுப்பிப்பு: மேல் இமை ஆபரேஷன், ஆறாவது வாரம்

51 வயசுல தொங்குற மேல் இமைத் தோலை எடுத்துக்கலாமான்னு ரெண்டு மாசம் முன்னாடி இங்க கேட்டிருந்தேனுங்க. கோயமுத்தூர்ல பண்ணிக்கிட்டேன்.

மரத்துப்போற ஊசி போட்டுத்தான் செஞ்சாங்க, வலி பெருசா இல்லீங்க. மூணாம் நாள் கண்ணாடி பார்த்துத்தான் அழுதுட்டேன்: ரெண்டு இமையும் வீங்கி, கன்னம் வரைக்கும் கருநீலம். ஆறாம் நாள் தையல் பிரிச்சாங்க. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாதுன்னு ரெண்டு வாரம். கட்டுத்தரையில பால் கறக்குறது, சாணி அள்ளுறது எல்லாம் நங்கையாதான் பார்த்துச்சு. ஆளில்லாம இதுல இறங்காதீங்க.

கண்ணு இன்னும் உலர்ந்துபோகுது, சொட்டு மருந்து விட்டுக்கிட்டிருக்கேன். தழும்பு மங்க மாசக்கணக்காகுமாம். கருவளையம் போகுமான்னு கேட்ட அக்காவுக்கு: போகாதுங்க, இது தோலை மட்டுந்தான் குறைக்கும்.

ஆனா, நெத்தியைத் தூக்காம முழுசா கண்ணு திறக்குறேனுங்க. சாயங்காலம் வர்ற தலைவலியும் இல்லை.