ஊதாத் தேன்சிட்டும் நான் ஒடித்த இலைக்கொத்தும்

படமெடுத்த பறவைகளைப் பற்றி, மீன்கொத்தி, ஆந்தை என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். என் பங்குக்கு, வாசல் செடியில் கூடு கட்டிய ஊதாத் தேன்சிட்டு.

முதல் வாரம் எடுத்த படங்களில் ஆண் குருவி வெறும் கரித்துண்டு. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை, ஏற்றினால் பின்னால் வானம் வெளுத்துப்போகும், குருவி கருப்பாகவே நிற்கும். லென்ஸ் மட்டம் என்று பழியை அதன்மேல் போட்டேன். விஷயம் வேறு. அந்த நீலமும் ஊதாவும் சாயமில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. வெயில் நம் முதுகுப்பக்கம் இருந்து, குருவியும் தோதாகத் தலையைத் திருப்பினால்தான் பளிச்சென்று எரியும். ஒருநாள் காலை வெயிலில் அப்படித் திரும்பியது. அரை நொடி இருக்கும். 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தும் அலகு நுனி லேசாக அசைந்திருந்தது. பரவாயில்லை, நிறம் சிக்கிவிட்டது.

கூடு கட்டியது முழுக்கப் பெண்தான். சிலந்தி நூலை அலகில் சுற்றிக்கொண்டு வந்து, காய்ந்த இலைத்துணுக்கையும் மரப்பட்டைச் சிம்பையும் அதில் ஒட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ குப்பை தொங்குகிற மாதிரி இருக்கும். பக்கவாட்டில் வாசல், அதற்குமேல் குட்டித் தாழ்வாரம். ஆண் ஐயா பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து பாட்டு.

அந்த வாசலை ஒரு இலைக்கொத்து மறைத்தது. தாய் உள்ளிருந்து தலை நீட்டும் படம் வேண்டும் என்று எனக்குப் பேராசை. அது வெளியே போன நேரம் பார்த்துக் கொத்தை ஒடித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கிடைத்ததுதான் நான் எடுத்ததிலேயே கூர்மையான படம்: கண்ணில் ஒளிப்புள்ளி, வளைந்த அலகு, அதன் ஓரத்தில் ஒட்டிய ஒரு பஞ்சு இழை.

மறுநாள் விடிந்ததும் காக்கை கூட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. கையைத் தட்டிக்கொண்டு ஓடினேன்; அதற்குள் முடிந்துவிட்டது. காக்கை எப்படியும் கண்டுபிடித்திருக்கும் என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஒடித்தது நான். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

அதிலிருந்து கூடு கண்ணில் பட்டால் கேமராவைத் தொடுவதில்லை. இப்போது எடுப்பதெல்லாம் பூக்களருகேதான். ஜன்னலுக்குள் திரைச்சீலை இடுக்கில் நின்று, லென்ஸ் முனையில் மாட்டும் வளையமான ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தால் உள்ளிருக்கும் விளக்கு பிரதிபலிக்காது. சத்தமில்லாமல் படமெடுக்கும் சைலண்ட் ஷட்டர் இருந்தால் இன்னும் நல்லது. குருவியைத் துரத்தினால் ஃபோகஸ் இலையில் போய் நிற்கும். நன்றாக மலர்ந்த ஒரு பூவில் முன்கூட்டியே வைத்துக் காத்திருந்தால் பத்துக்கு இரண்டு தேறும்.

போன வாரம் ஒன்று வந்தது. மேலே பழுப்பு, அடியில் வெளிர்மஞ்சள், நெஞ்சின் நடுவே மை தீற்றியது போல ஒரு கருங்கோடு. புது இனம் என்று துள்ளினேன். பெருக்கிப் பார்த்தால் நம் ஊதாத் தேன்சிட்டு ஆண்தான். இனப்பெருக்க காலம் முடிந்து பளபளப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறது. பழைய ஆளோ, புது ஆளோ, உட்கார்ந்தது அதே கம்பியில்.