அம்மாவை ஹட்சன் ஆற்றின் மேல் கூட்டிப் போகணும்: நியூயார்க் பக்கம் விமானம் ஓட்டுபவர்கள் உதவுங்கள்

நியூஜெர்சி கால்டுவெல்லில் இருந்து வாடகை செஸ்னா 172 சிறு விமானம் ஓட்டுகிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ், 140 மணி நேரம். அம்மா 20ஆம் தேதி திருநெல்வேலி திரும்புகிறார். அதற்குள் மன்ஹாட்டனை மேலிருந்து காட்டிவிட வேண்டும்.

ஆற்றின் மேல் 1,300 அடிக்குக் கீழே கட்டுப்பாட்டாளர் அனுமதி இல்லாமலே பறக்கலாம். 123.05 ரேடியோ அலைவரிசையில் ஆல்பைன் டவர், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட் கப்பல் என்று கடக்கும் அடையாளங்களை நாமே அறிவித்துக்கொண்டு, போகும் திசைக்கு வலப்பக்கக் கரையை ஒட்டி, 140 நாட் வேகத்துக்குள். பயிற்றுநரோடு இரண்டு முறை போயிருக்கிறேன். ஆனால் ஹெலிகாப்டர்கள் அதிகம், ரேடியோவில் ஒருவர் பேச்சை இன்னொருவர் அமுக்குகிறார். 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒன்பது பேர் இறந்த மோதல் இதே ஆற்றின் மேல்தான். அம்மாவை வைத்துக்கொண்டு என் ஒரு ஜோடிக் கண்ணை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

அதனால் கிளாஸ் பி (பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்பகுதி) அனுமதியோடு மேலே, ரேடார் கண்காணிப்பில் போகத்தான் முயல்கிறேன். மூன்று சனிக்கிழமை, மாலை நான்கு மணி வாக்கில் கட்டுப்பாட்டாளர்களிடம் கேட்டேன். மூன்று முறையும் வெளியிலேயே இருக்கச் சொன்னார்கள். கடைசி முறை அம்மாவும் கூட இருந்தார். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி இருபது நிமிடம் வட்டமடித்தோம், தூரத்தில் கட்டடங்கள் மட்டும் தெரிந்தன.

கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே திரும்பும்போதுதான் வலது இருக்கையில் இருப்பவருக்கு நகரம் பக்கத்தில் தெரியும். அதனால் தெற்கே வெரசானோ பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும்.

இந்த முழுச் சுற்றுக்கும் அனுமதி வாங்கியவர்கள் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கேட்டீர்கள்?