மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஒவ்வொரு எழுத்துப் பிழையையும் சுழிக்க வேண்டுமா?

கோவில்பட்டி அப்பா: என் மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 'எங்கள் வீட்டுப் பசு' என்று எட்டு வரி எழுதியிருக்கிறாள். 'கன்று' எல்லாம் 'கண்று', 'பால்' எல்லாம் 'பாள்'. டீச்சர் ஒன்றையும் திருத்தவில்லை. 'பசு ஏன் ராத்திரி கத்தியது? அதையும் எழுது' என்று மட்டும் கீழே எழுதியிருக்கிறார். இப்படி விட்டால் எப்போது சரியாக எழுதுவாள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: உங்கள் கவலை நியாயம். சொல்வதை எழுதுதல் தினமும் பத்துச் சொல், தப்பினால் ஐந்து தடவை எழுத வேண்டும். நான் அப்படித்தான் நடத்தினேன். அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை வந்தது, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் நல்லவைதான். ஆனால் கை பிழைக்குப் பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. பத்தாம் வகுப்பு விடைத்தாளில் 'முயற்ச்சி' என்று பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தொடக்கப்பள்ளி டீச்சர்: ஐயா, ஐந்து தடவை எழுதும் பிள்ளை அந்த ஒரு சொல்லைத்தான் கற்கிறது. அடுத்த நாள் 'நின்று' வந்தால் மறுபடி 'நிண்று'. எட்டு வரியில் இருபது சுழி போட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் அதே பிள்ளை 'இது பசு. பசு பால் தரும்' என்று தனக்குத் தெரிந்த சொற்களோடு நிறுத்திக்கொள்ளும். எழுதவே பயப்படும் பிள்ளைக்கு நான் எதைத் திருத்துவது?

கண்றுக்கு என் வழி இது. வண்டி, நண்டு, கன்று, ஒன்று, பந்து, சந்தை என்று அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்க்கச் சொல்வேன். ட பக்கத்தில் ண், ற பக்கத்தில் ன், த பக்கத்தில் ந் என்று பிள்ளைகளே சொல்லிவிடும். பிறகு தன் நோட்டை எடுத்துத் தானே திருத்தும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெயரிலேயே அந்த விதி இருக்கிறதே, அம்மா! சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம். 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்று மட்டும் சொல்லி வளர்த்ததால் பிள்ளைக்கு வடிவம் தெரிகிறது, எழுத்து வரும் இடம் தெரியவில்லை.

தொடக்கப்பள்ளி டீச்சர்: பெயரும் சொல்கிறேன் ஐயா, அட்டைக்குப் பிறகு. முதலிலேயே சொன்னால் பாட்டு மாதிரி ஒப்பிக்கும், எழுதும்போது நினைவுக்கு வராது. ஆனால் பால், பாள் கதை வேறு. ல, ள, ழ எங்கே வரும் என்பதற்கு இப்படிக் கைக்கு எளிதான விதி இல்லை. எங்கள் ஊரில் வாழைப்பழம் 'வாளப்பளம்', சென்னையில் பலர் வாயில் 'வாயப்பயம்'. வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளை எழுதும். நிறைய வாசித்துக் கண்ணுக்குப் பழக வேண்டும்.

யாழ்ப்பாணத்து வாசகி: எங்கட பக்கமும் ழ, ள ரெண்டும் கலந்துபோகும், டீச்சர். ஆனா காற்று, வெற்றி எண்டதில ற்ற தனியாக் கேக்கும், அதைப் பிள்ளையள் காதாலயே பிடிப்பினம். ஒரே முறை எல்லா ஊருக்கும் பொருந்தாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: அப்படியானால் ஆசிரியர் நாக்கை மடித்துச் சரியாக உச்சரிக்க வேண்டும். அதற்குத்தான் சொல்வதை எழுதுதல். காதும் கையும் சேர்ந்து பழகும். அதை நீங்கள் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோவில்பட்டி அப்பா: டீச்சர், ஒற்று விஷயம்? 'பாலை குடித்தது' என்று எழுதியிருக்கிறாள்.

தொடக்கப்பள்ளி டீச்சர்: சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் சார். பேச்சில் 'பாலக் குடிச்சுது' என்று க் தானாக அழுந்தும். இரண்டாம் வேற்றுமை என்ற பெயர் பிறகு வரட்டும், இந்த வயதில் அது சுமை. ஐயா, சொல்வதை எழுதுதலை நான் விடவில்லை. வாரம் ஒரு நாள் வைக்கிறேன், அன்று ஒரு பிழை விடாமல் திருத்துகிறேன். கதை எழுதும் நோட்டில் மட்டும், அந்த வாரம் நடத்திய எழுத்தைத் தவிர வேறெதையும் சுழிக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: வாரம் ஒரு நாள் போதாது. ட், ற் இரண்டையும் அடுத்து இன்னொரு ஒற்று வராது என்பதையாவது இந்த ஆண்டே சொல்லுங்கள். காட்சி, பயிற்சி, முயற்சி, மூன்று சொல் போதும்.

தொடக்கப்பள்ளி டீச்சர்: அந்த மூன்றையும் அடுத்த வார அட்டையில் சேர்க்கிறேன், ஐயா. ஐந்து தடவை எழுத மட்டும் சொல்ல மாட்டேன்.