ஊருக்கு நடுவே 30 ஏக்கரில் குடோன் வருகிறது, எங்கே போய்க் கேட்பது?

ஏரிக்கரைவாசி:

வணக்கம். எங்கள் ஊர் செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நெல், மல்லி, கொஞ்சம் கத்தரி. இரண்டு வருடமாகப் புரோக்கர்கள் வந்து துண்டு துண்டாக நிலம் வாங்கினார்கள், யாருக்காக என்று யாரும் சொல்லவில்லை. இப்போது 30 ஏக்கர் ஒரே வேலிக்குள் இருக்கிறது, போன மாதத்திலிருந்து டிப்பரில் கிராவல் வந்து கொட்டி மேடாக்குகிறார்கள். பெரிய குடோன் வரப்போகிறதாம், கன்டெய்னர் லாரி வருமாம்.

எனக்கு இரண்டு கவலை. அந்த நிலத்தின் நடுவே எங்கள் ஏரிக்கு வரும் வரத்து வாய்க்கால் போகிறது, அதையும் சேர்த்து மூடிக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் ரோடு. பஞ்சாயத்து போட்ட சிமென்ட் ரோடு 12 அடி அகலம்தான், அதில்தான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "பட்டா நிலம், அவங்க இஷ்டம்" என்கிறார்கள். பட்டா நிலம் என்றால் எதை வேண்டுமானாலும் கட்டலாமா? குடோன் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்?

பழைய_வரைவாளர்:

இல்லை சகோ, பட்டா என்பது நிலம் யாருடையது என்று மட்டும்தான் சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் கீழ் வரும் திட்டங்களும். நான் கட்டிட வரைபடம் போடும் தொழிலில் 19 வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிராமம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள். சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர், அதற்கு 2008ல் அறிவித்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கிறது, 2026 வரைக்குமானது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, தொழிற்பகுதியா, விவசாயமா என்று நிறம் போட்டிருக்கும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு அதிலேயே தனியாகக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் ஊர் அதற்குள் வந்தால் அது ஒன்றே பெரிய பிடிமானம். 2022 அக்டோபரில் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். எல்லை விரிந்த கையோடு புதிய கிராமங்களுக்கெல்லாம் நிறம் போட்ட வரைபடம் வந்துவிடவில்லை, குடோன்காரர்கள் நிலம் தேடுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

திட்டம் உள்ள இடத்தில் விவசாய வகைப்பாடு என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்காமல் குடோனுக்கு அனுமதி கிடைக்காது. திட்டமே இல்லாத பகுதி என்றால் அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017 விதிகளும் வரும், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற முன்அனுமதி வேண்டும், நஞ்சை என்றால் கோப்பு ஆட்சியர், வேளாண்மைத் துறை வரை போகும். நீங்கள் பேச வேண்டிய நேரம் அந்தக் கோப்பு நகரும் நேரம்தான். கூரை போட்ட பிறகு போனால் "முதலீடு செய்துவிட்டார்கள்" என்ற ஒரே பதில்தான் வரும், நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வாய்க்கால் விஷயத்துக்கு, கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்த சர்வே எண் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) வைத்துப் பாருங்கள். அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் அது பட்டா நிலமே இல்லை, சுற்றி 30 ஏக்கர் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது.

மதகு_மணி:

மேலே சொன்னதோடு ஒரு கணக்கு. 10 ஏக்கருக்குக் கூரையும் கான்கிரீட் தளமும் போட்டால், 10 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் அதன் மேல் விழுவது ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். முன்பு அதில் ஒரு பங்கு வயலில் நின்று இறங்கும், மீதி வாய்க்காலில் ஏரிக்குப் போகும். இப்போது மண் குடிக்காது, வாய்க்காலும் இல்லை, பக்கத்துத் தெருவுக்குள்தான் வரும். அதோடு கிராவல் போட்டு 4 அடி உயர்த்தியிருப்பார்கள், குடோனுக்குள் தண்ணீர் போகாது, உங்கள் வீட்டுக்குள் போகும். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் ஆனது. 30 வருடம் தண்ணீர் நிற்காத காலனியில் இரண்டு மழைக்காலமாக இடுப்பளவு நிற்கிறது.

பெரிய மனைகளுக்கு நீர்வளத் துறையின் வெள்ள அபாயத் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அது வாங்கினார்களா, வாங்கியிருந்தால் அதில் வாய்க்காலை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். சர்வே எண்ணைப் போட்டுக் கேளுங்கள், "எங்கள் ஊர் குடோன்" என்று கேட்டால் ஒன்றும் வராது.

லாரி_ஷெட்:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். என்னிடம் இரண்டு ட்ரெய்லர் இருக்கிறது, என் தம்பியும் அவன் மனைவியும் ஒரு குடோனில்தான் வேலை செய்கிறார்கள். மல்லி விலை விழுந்த வருடத்தில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தச் சம்பளம். ஜிஎஸ்டிக்கு முன்னால் மாநிலம் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு என்பதால் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்னக் குடோன் வைத்திருந்தன, 2017 ஜூலைக்கு அப்புறம் அந்தத் தேவை போய் எல்லாம் பெரிதாக ஒரே இடத்தில் வர ஆரம்பித்தது. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகம் ஒரு பக்கம், ஆந்திரா ஹைவே ஒரு பக்கம், வெளிவட்டச் சாலை ஒரு பக்கம். நம் பகுதிக்குக் குடோன் வராமல் இருக்காது.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 12 அடி ரோட்டில் ட்ரெய்லர் போகவே கூடாது. வண்டி அகலமே 8 அடிக்கு மேல், எதிரே ஒன்று வந்தால் யாராவது வயலில் இறங்க வேண்டும், சரக்கோடு 40 டன் வரும், பஞ்சாயத்து ரோடு ஒரு வருடம் தாங்காது. டிரைவராகச் சொல்கிறேன், ஊருக்குள் பள்ளிவிடும் நேரத்தில் ஸ்டியரிங் பிடிப்பது எங்களுக்கும் பயம்தான். ஹைவேயை ஒட்டி, லாரி நிறுத்த இடம், கக்கூஸ் வசதியோடு கட்டினால் ஊருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் சுமார் 184 ஏக்கரில் சரக்குப் பூங்காவுக்கு 2022ல் அடிக்கல் நாட்டினார்கள், அந்த மாதிரி ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் சரி.

ஆரஞ்சுத்தோட்டம்:

நான் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ பக்கம் 14 வருடமாக இருக்கிறேன், பொன்னேரிக்காரன். நான் வந்தபோது மாட்டுப்பண்ணையாக இருந்த இடங்களில் இன்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைச் சுவர் வேர்ஹவுஸ்தான். இங்கேயும் ஒவ்வொரு ஊராகத் தனித்தனியாக அனுமதி கொடுத்தார்கள், மொத்தமாக எத்தனை லாரி ஒரே தெருவில் சேரும் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் 2024ல் மாநில அளவில் ஏபி 98 என்று சட்டம் போட வேண்டி வந்தது. 2.5 லட்சம் சதுர அடிக்கு மேல் புதிதாகக் கட்டும் குடோன் வீடு, பள்ளிக்கு அருகே வந்தால், லாரி நிற்கும் வாசல் தொழிற்பகுதியில் 300 அடி, மற்ற இடத்தில் 500 அடி தள்ளி இருக்க வேண்டும், லாரி எந்த ரோட்டில் போகலாம் என்று ஊரே வழித்தடம் குறிக்க வேண்டும். எங்களுக்கு அது தாமதமாக வந்தது, என் மகன் இன்ஹேலரோடுதான் பள்ளிக்குப் போகிறான். நீங்கள் குடோனே வேண்டாம் என்று கேட்பதை விட, வாசல் எந்தப் பக்கம், லாரி எந்த வழி என்று குறிப்பாகக் கேட்டால் அதிகாரிகள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பழைய_வரைவாளர்:

கிராம சபையையும் விடாதீர்கள். வருடத்துக்கு 6 முறை நடக்கிறது. தீர்மானத்தால் மட்டும் அனுமதி நின்றுவிடாது, ஆனால் வாய்க்கால் சர்வே எண்ணோடும் ரோடு அகலத்தோடும் தீர்மானம் பதிவானால் பின்னால் நீதிமன்றம் போனாலும் அது எழுத்து ஆதாரமாக நிற்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் காத்திருக்காதீர்கள், மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குத்தான் பேசும், அதிலும் இந்த வகைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது.

ஏரிக்கரைவாசி:

எல்லோருக்கும் நன்றி. லாரி_ஷெட் அண்ணா, உங்கள் மேல் கோபம் இல்லை, என் அத்தை மகனும் குடோன் வேலைக்குத்தான் போகிறான். நேற்று இரவு அ-பதிவேட்டை ஆன்லைனில் எடுத்துப் பார்த்தேன், வாய்க்கால் தனி சர்வே எண்ணில் அரசு புறம்போக்காகவே இருக்கிறது, கை நடுங்கிவிட்டது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், 11 பேர் வேன் பேசியிருக்கிறோம். மனுவில் வாய்க்காலை அளந்து கல் நட வேண்டும் என்று முதலில் கேட்கவா, மண் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி முதலில் கேட்கவா? இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடுவார்கள் என்று தலையாரி சொல்கிறார். இப்படி மனு கொடுத்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.