லீவர் ரைஃபிளில் என் தோட்டா மட்டும் ஏன் சிக்குகிறது?

வணக்கம் மக்களே, டெக்சாஸில் கவ்பாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் (கவ்பாய் வேடத்தில் பழைய காலத்துத் துப்பாக்கிகளால் நேரம் பார்த்துச் சுடும் போட்டி) பழக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. தொப்பி, பூட்ஸ், வேறு யாரும் வைத்திராத ஒரு புனைபெயர் (நல்ல பெயரையெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள்) எல்லாம் அமைந்தாயிற்று. ரிவால்வர் இரண்டும் சொன்ன பேச்சு கேட்கின்றன, ஷாட்கன்னும் பரவாயில்லை. தகராறு ரைஃபிளில்தான்.

1873 வின்செஸ்டரின் நகல் (கீழே உள்ள லீவரை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை), .357 மேக்னம் காலிபர்; அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷலையும் இதில் சுடலாம். கடையில் வாங்கிய .38 ஸ்பெஷல், 158 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா போட்டால் பத்தும் வழுக்கிக்கொண்டு போகிறது. செலவைக் குறைக்கலாமே என்று சுட்ட காலி கேஸில் (தோட்டாவின் பித்தளைக் கூட்டில்) மருந்து நிரப்பி, 125 கிரெய்ன் ஈயக் குண்டு வைத்து நானே ரீலோடு செய்ததைப் போட்டால் லீவர் பாதியில் நின்றுவிடுகிறது. போன போட்டியில் நான்கு சுட்டதும் நின்றது, மீதி ஆறும் மிஸ் கணக்கு, தலைக்கு 5 விநாடி வீதம் 30 விநாடி தண்டம்.

அளந்து பார்த்தேன், கடைத் தோட்டா 1.53 அங்குலம், என்னுடையது 1.43. நீளம் குறைந்ததால் பின்னால் வரும் தோட்டாவின் விளிம்பு லிஃப்டருக்குள் (தோட்டாவைக் குழல் மட்டத்துக்குத் தூக்கும் பாகம்) நுழைந்து அதைத் தூக்க விடாமல் தடுக்கிறது என்று நினைக்கிறேன். சரிதானா? கிரிம்ப் பள்ளத்தை (கேஸின் வாயை மடக்கிப் பிடிக்கக் குண்டில் உள்ள பள்ளம்) தாண்டிக் குண்டை வெளியே தூக்கி வைக்க மனசில்லை, மருந்து அளவு மேனுவலில் உள்ளதுதான், அதையும் தொடப்போவதில்லை.

இந்த ரைஃபிளில் 125 கிரெய்ன் ஓட்டுகிறவர்கள் எந்த வடிவக் குண்டு, மொத்த நீளம் எவ்வளவு என்று சொல்லுங்கள். இல்லை, பேசாமல் சற்று நீளமான .357 கேஸுக்கே மாறிவிடவா? துப்பாக்கி மெக்கானிக்கிடம் போகுமுன் கேட்டுவிடலாம் என்றுதான்.