காரையில் கிடைத்த நார்க்கல்: ஜிப்சமா, சிப்பி ஓடா?

செம்மண்காடு: பெரம்பலூர் மாவட்டம் கொளக்காநத்தம் அருகே காரைக் களிமண் மேட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று கிடைத்தது. பென்சில் கனம். உடைந்த விளிம்பில் நார் நாராகத் தெரிகிறது. கூட வந்த நண்பர் ஜிப்சம் என்கிறார். ஆனால் மேல்பக்கம் லேசாக வளைந்து, அகலமான வரிகளும் ஓடுகின்றன. ஜிப்சமா, சிப்பி ஓடா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஓடைக்கரை: அங்கே இந்தக் குழப்பம் வராதவர் இல்லை. களிமண் வெடிப்பில் பட்டையாகப் படிந்த ஜிப்சத்திலும் நார்கள் பக்கத்துக்குச் செங்குத்தாகவே நிற்கும், அதனால் நாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நகத்தால் கீறுங்கள். மோஸ் அளவில் (கனிமக் கடினத்துக்கான 1 முதல் 10 வரையான வரிசை) ஜிப்சத்தின் கடினம் 2, கோடு விழும். சிப்பி ஓட்டில் இருக்கும் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டுக்கு 3, விழாது.

செம்மண்காடு: விழவில்லை! ஆணியால் கீறினால் வெள்ளைப் பொடி வருகிறது.

ஓடைக்கரை: சரி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், கால்சைட் என்றால் நுரைக்கும். களிமண்ணை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். மண்ணிலேயே சுண்ணாம்பு இருந்தால் அதுவும் நுரைக்கும்.

செம்மண்காடு: மெதுவாக நுரைக்கிறது.

பழம்பாறை: அப்படியானால் கால்சைட். வளைவும் வரியும் சேர்ந்திருப்பதால் இனோசெராமிட் ஓடு என்பேன். டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலக் கடலில் உலகெங்கும் பரவியிருந்த சிப்பிக் குடும்பம் அது. ஓட்டின் வெளியடுக்கு, தீக்குச்சிகளை நிமிர்த்தி நெருக்கி அடுக்கினாற்போல் கால்சைட் பட்டகங்களால் ஆனது. முத்துப் பளபளப்புள்ள உள்ளடுக்கு அரகோனைட் என்ற இன்னொரு சுண்ணாம்புக் கனிமம், அது பெரும்பாலும் கரைந்து போய்விடும். லென்ஸில் பாருங்கள், பட்டகங்கள் தனித்தனியே தெரியும். இந்தக் குடும்பத்துப் பிளாட்டிசெராமஸ் அமெரிக்காவின் கான்சாஸ் சுண்ணப்பாறையில் 3 மீட்டர் வரை கிடைத்திருக்கிறது, சில ஓடுகளுக்குள் சின்ன மீன்களின் எலும்புகளோடு! ஏறத்தாழ மொத்தக் குடும்பமும் டைனோசர்கள் அழிவதற்கு முன்பே அழிந்துவிட்டது.

செம்மண்காடு: எந்த இனம் என்று சொல்ல முடியுமா?

பழம்பாறை: துண்டை வைத்து முடியாது. இனம் சொல்ல ஓட்டின் முழு வடிவமும் வரிகளின் போக்கும் வேண்டும். குடும்பத்தையாவது உறுதி செய்ய, இரு ஓடுகளும் இணையும் ஓரம் இருக்கிறதா பாருங்கள். தசைநார் பிடித்த சின்னக் குழிகள் அங்கே வரிசையாக இருக்கும்.

ஓடைக்கரை: அடுத்த முறை போனால், எடுக்குமுன் அளவுகோல் வைத்து, கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். எந்த அடுக்கு என்று தெரியாத துண்டால் ஆய்வாளருக்கு அதிகப் பயன் இல்லை.